ஏர்முனையில் மூன்று தலைமுறை

உத்திரமேரூர் ஏரியின் கீழுள்ள கழனிகளில் சம்பாப் பட்டத்துக்குச் சேறடிக்கும் நாளில் வரப்பில் நின்று நோக்குவோர்க்கு முதலில் கண்ணிற் படுவது செந்நிற டிராக்டர். பின்சக்கரங்களில் இரும்புக் கூண்டு மாட்டிச் சேற்றைக் கலக்கிச் செல்லும் அதன் முகப்பில் 'மாசி பெர்குசன்' என்று எழுதியிருக்கும். பெயர் கடல் கடந்து வந்தது. எந்திரத்தின் தாய்வீடோ சென்னையைச் சேர்ந்த செம்பியம். இந்தப் பெயருக்கும் அந்த வீட்டுக்கும் உள்ள உறவு மூன்று தலைமுறைகளாக ஒரு குடும்பத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

முதலில் பெர்குசனைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்த ஹாரி பெர்குசன், கலப்பையை வண்டிக்குப் பின்னால் சங்கிலியிட்டு இழுக்கும் வழக்கத்தை மாற்றி, மூன்று இடங்களில் இணைத்து எண்ணெய் அழுத்தத்தால் உயர்த்தவும் தாழ்த்தவும் வகை செய்தார். மண்ணின் எதிர்ப்பே பின்சக்கரங்களுக்குப் பாரமாக மாறி அவை வழுக்காமல் பற்றிக்கொள்ளும் முறை அது. அதனால் எடை குறைந்த வண்டியும் ஆழ உழ முடிந்தது. இன்று உலகில் ஓடும் டிராக்டர்களுள் மிகப் பலவும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

1938-ஆம் ஆண்டு பெர்குசன் அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டைச் சந்தித்து இதனை இயக்கிக் காட்டினார். வண்டியை ஃபோர்டு செய்வது, பெர்குசன் விற்பது என்று இருவரும் உடன்பட்டனர். உடன்பாட்டுக்கு எழுத்து இல்லை, கைகுலுக்கியதோடு சரி. பாட்டனார் காலம் வரை அது நின்றது. பேரனார் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு பொறுப்பேற்றபின் அந்த உடன்பாட்டைக் கைவிட்டார். பெர்குசன் 1948-இல் வழக்குத் தொடுத்தார், 1952-இல் 92.5 லட்சம் டாலர் பெற்றுச் சமாதானமானார். திருக்குர்ஆனின் வசனங்களுள் மிக நீண்டது, கடன் பற்றிய உடன்படிக்கையைச் சாட்சியோடு எழுதிக்கொள்ளச் சொல்லும் இரண்டாம் அத்தியாயத்து வசனம் என்பதை நம் கல்லூரியில் அறியாதவர் இலர். ஃபோர்டு குடும்பத்தின் இந்தக் கதை அதற்கோர் உரை போலவே அமைந்துவிட்டது. அடுத்த ஆண்டே பெர்குசன் தம் தொழிலைக் கனடாவின் மாசி-ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைத்தார். அவ்வழியே பிறந்ததுதான் 'மாசி பெர்குசன்' என்னும் பெயர்.

இனிச் சென்னைக்கு வருவோம். 1840-இல் ஸ்காட்லாந்துக்காரர் சிம்சன் தொடங்கிய நிறுவனம் குதிரை வண்டிகள் கட்டிப் புகழ்பெற்றது. 1903-இல் அங்குப் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். வெள்ளையர் கையிலிருந்த இந்நிறுவனத்தில் 1930-களில் நுழைந்தவர், நெல்லைச் சீமை ஆழ்வார்குறிச்சியைச் சேர்ந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன் (1905 - 1964). 'ஜே' என்று அழைக்கப்பட்ட அவர் இயக்குநராகி, தலைவராகி, 1938-இல் உருவான அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் கீழ் ஆங்கிலேயர் தொழில்கள் பலவற்றைக் கொணர்ந்தார். நம் போன்றோர் புத்தகம் தேடி ஏறி இறங்கும் அண்ணா சாலை ஹிக்கின்பாதம்ஸ் கடையும், 1981-இல் நின்றுபோன 'தி மெயில்' நாளேடும் இக்குழுமத்தின் உடைமைகளாயின என்பது பலர் அறியாதது.

ஆயினும் ஜேயின் பெருமை வாங்கியவற்றில் இல்லை. செய்யத் தொடங்கியவற்றில்தான் உள்ளது என்பது என் கருத்து. விற்றுக் கொடுக்கும் முகவராக இருந்து பொருளீட்டுவது அக்காலத்தில் எளிது. அவரோ செம்பியத்தில் 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸை நிறுவினார். டீசல் எஞ்சின்களைச் சிம்சன் வழியே இங்கேயே செய்வித்தார். பிஸ்டனும் எஞ்சினும் கைக்கு வந்தபின் டிராக்டர் எட்டாக் கனியன்று. 1960-இல் மாசி பெர்குசனுடன் கூட்டுச் சேர்ந்து பிறந்தது, டாஃபே என்று வழங்கும் டிராக்டர் நிறுவனம். நான்கே ஆண்டுகளில் ஜே மறைந்தார்.

பொறுப்பு மைந்தர்கள் சிவசைலம், கிருஷ்ணமூர்த்தி ஆகியோர்க்கு வந்தது. சிவசைலம் என்பது ஆழ்வார்குறிச்சியை அடுத்த திருத்தலத்தின் பெயர். தொழில் சென்னையில், பெயர் பிறந்த மண்ணில். ஜேயின் நினைவை ஏந்தி நிற்பது, நம் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில், இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் கீழக்கோட்டையூரிலுள்ள ஜே-பார்ம் ஆய்வுப் பண்ணை. டிராக்டரை விற்பவன் நிலத்தையும் அறிய வேண்டும் என்ற எண்ணத்தின் விளைவு அது.

மூன்றாம் தலைமுறையில் ஏரைப் பிடித்தவர் சிவசைலத்தின் மகள் மல்லிகா ஸ்ரீநிவாசன். 1986-இல் அவர் டாஃபேயில் சேர்ந்தபோது, கனரக எந்திரத் தொழிலில் பெண்ணொருவர் தலைமை ஏற்பது நாட்டில் அரிது. 2005-இல் ஐஷர் டிராக்டர் பிரிவு வாங்கப்பட்டது. 2014-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் மகள் லட்சுமி வேணுவும் நிர்வாகத்தில் இடம்பெற்றுள்ளார்.

இதற்கிடையே பெயரின் உரிமை கைமாறியிருந்தது. 1994-இல் மாசி பெர்குசனை அமெரிக்காவின் ஆக்கோ நிறுவனம் வாங்கியது. அதனால் டாஃபேயில் அதற்குப் பங்கு, ஆக்கோவில் டாஃபேக்குப் பங்கு என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் சம்பந்தம் வளர்ந்தது. 2024-இல் சம்பந்தம் முறிந்தது. பெயரைப் பயன்படுத்தும் உரிமையை ஆக்கோ விலக்க முனைந்தது. அறுபது ஆண்டுக்கு மேலாக இந்திய வயல்களில் அப்பெயரை வளர்த்தவர் நாமே என்று டாஃபே நீதிமன்றம் ஏறியது. 2025 ஜூலையில் சமரசம் ஏற்பட்டது. ஆக்கோவிடமிருந்த 20.7 விழுக்காட்டுப் பங்குகளை 26 கோடி டாலருக்கு டாஃபே திரும்பப் பெறுவதென்றும், இந்தியா, நேபாளம், பூட்டான் நாடுகளில் 'மாசி பெர்குசன்' பெயர் டாஃபேக்கே சொந்தமென்றும் முடிவாயிற்று. பாட்டனார் கூட்டுறவால் பெற்ற பெயரைப் பேத்தியார் விலை கொடுத்து உடைமையாக்கினார்.

இவ்விடத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டை நினையாதிருக்க இயலவில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்விதிகளைக் குடவோலைக்காக மட்டுமே நாம் போற்றுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவன் மட்டுமன்றி, அவன் தாயின் உடன்பிறந்தார் மக்கள், தந்தையின் உடன்பிறந்தார் மக்கள், மாமன், மாமனார் எனச் சுற்றத்தாரும் ஓலையிடத் தகுதியற்றவர் என்று அது விதிக்கின்றது. ஏரி வாரியத்துக்கும் இதே விதிதான். செல்வம் சுற்றத்தாருக்கு இறங்குவது போலப் பழியும் இறங்கும் என்று கண்ட சபை அது. ஃபோர்டின் பேரனாரை அச்சபை என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது சுவையானது!

அச்சபை அந்தணர் சபை என்பதையும் மறைத்தல் ஆகாது. உழுதவர்க்கு அதில் ஓலை இல்லை. டிராக்டர் வந்தபோதும் ஏர்மாட்டோடு கூலி இழந்தோர் பலர். நம் பகுதியில் சிறு விவசாயிகள் பெரும்பாலோர் வண்டியை வாங்குவதில்லை. மணிக்கணக்கில் வாடகைக்கே பிடிக்கின்றனர்.

2020-இல் கொரோனா முடக்கத்தின்போது, தமிழகத்தில் இரண்டு ஏக்கர் வரை உள்ள சிறு விவசாயிகளுக்கு 90 நாள்கள் வாடகையின்றி உழுது தர டாஃபே முன்வந்தது. 16,500 டிராக்டர்களும் 26,800 கருவிகளும் அதற்கென ஒதுக்கப்பட்டன. அரசின் உழவன் செயலியிலும் பதிவு செய்ய வழியிருந்தது. குடவோலையில் பெயர் எழுதப்படக் கல்வெட்டு கேட்கும் நிலம் கால் வேலிக்கு மேல். அதாவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். பராந்தகன் காலத்தில் வாரியத்துக்கு நிற்கப் போதுமாயிருந்த நிலம், 2020-இல் இலவச உழவுக்கு விண்ணப்பிக்கும் நிலமாகச் சுருங்கியிருந்தது.