விண்ணின் எழுத்தும் மண்ணின் நிகண்டும்

பழஞ்சுவடி ஒன்றைப் பதிப்பிக்க முற்படும் தமிழறிஞர்க்கு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, எழுத்துச் சிதையாத நல்ல ஏடு. மற்றொன்று, அவ்வேட்டிலுள்ள அருஞ்சொற்களுக்குப் பொருள் காட்டும் நிகண்டு. ஏடு எத்துணைத் தெளிவுடையதாயினும், நிகண்டு குறையுடையதாயின் பொருள் விளங்காது. விண்மீன்களை ஆராயும் இயற்பியல் அறிஞர்தம் நிலையும் இதுவே. வானிலிருந்து வரும் ஒளி அவர்களுக்கு ஏடு. மண்ணுலக ஆய்வுக்கூடங்களில் அளந்தும் கணித்தும் தொகுக்கப்பெறும் அணுத் தரவுகள் அவர்களுக்கு நிகண்டு. தொலைநோக்கிகளைப் பற்றி நாம் அடிக்கடி படிக்கிறோம். அணுத் தரவுகளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும் அந்நிகண்டில் 'இரும்பு' என்னும் ஒரு சொல்லுக்குரிய பொருளைத் தெளிவதற்கே அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்துள்ளனர். அவ்வரலாற்றினை இக்கட்டுரையில் காண்போம்.

நிறமாலையும் வரிகளும்

சூரிய ஒளி முப்பட்டகத்தின் வழியே செல்லும்போது பல நிறங்களாகப் பிரிவதை நாம் பள்ளிப் பருவத்திலேயே கற்றுள்ளோம். இந்நிறத் தொகுதியே நிறமாலை எனப்படும். அணுக்கருவைச் சூழ்ந்துள்ள எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட சில ஆற்றல் நிலைகளில் மட்டுமே நிற்கக் கூடியவை. படிக்கட்டில் ஏறுபவர் ஏதேனும் ஒரு படியில் நிற்க இயலுமேயன்றி, இரு படிகளுக்கு இடையே நிற்க இயலாது அன்றோ? அது போன்றதே இதுவும். மேல்நிலையிலிருந்து கீழ்நிலைக்கு இறங்கும் எலக்ட்ரான், அவ்விரு நிலைகளுக்குரிய ஆற்றல் வேறுபாட்டினை ஒளியாக வெளியிடுகிறது. அவ்வொளி நிறமாலையில் ஒரு வரியாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு தனிமத்திற்கும் ஆற்றல் நிலைகள் வேறாதலின், வரிகளும் வேறாகின்றன. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் கிர்க்காஃபும் புன்சனும் 1859, 1860 ஆகிய ஆண்டுகளில் இவ்வுண்மையை நிலைநாட்டினர்.

ஈண்டு மற்றொரு நுட்பத்தையும் கருதுதல் வேண்டும். இரும்பு அணுவில் 26 எலக்ட்ரான்கள் உள்ளன. வெப்பம் மிகமிக அவை ஒவ்வொன்றாக அணுவை விட்டு நீங்குகின்றன. அவ்வாறு எலக்ட்ரான்களை இழந்த அணுவை அயனி என்பர். ஓர் எலக்ட்ரானை இழந்த இரும்பும் பத்து எலக்ட்ரான்களை இழந்த இரும்பும் முற்றிலும் வேறான வரிகளைத் தருகின்றன. ஒரே வேர்ச்சொல் பல வடிவங்களை ஏற்பது போல, இரும்பும் பல வடிவங்களை ஏற்கிறது. எவ்வடிவில் உள்ளது என அறியின், அவ்விடத்து வெப்பநிலையையும் அறியலாம்.

கொரோனியம் என்னும் மயக்கம்

1868-ஆம் ஆண்டில் சூரிய ஒளியிற் காணப்பட்ட ஒரு மஞ்சள் வரி, ஹீலியம் என்னும் புதிய தனிமத்தை அறிஞர்க்கு உணர்த்திற்று. அடுத்த ஆண்டு, 1869 ஆகஸ்ட் 7 அன்று, அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அப்போது யங், ஹார்க்னெஸ் என்னும் அறிஞர் இருவரும் சூரியனைச் சூழ்ந்த ஒளிவட்டத்தில் ஒரு பச்சை வரியைக் கண்டனர். அறியப்பட்ட எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை. எனவே அதுவும் ஒரு புதிய தனிமமே எனக் கருதப்பட்டு, 'கொரோனியம்' எனப் பெயர் பெற்றது.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இம்மயக்கம் நீடித்தது. சுவீடன் நாட்டு அறிஞர் எட்லன், ஆய்வுக்கூடத்தில் வலிய மின்பொறிகளை உண்டாக்கி, எலக்ட்ரான்கள் பலவற்றை இழந்த அணுக்களின் வரிகளைப் பொறுமையுடன் அளந்து வந்தார். ஜெர்மானிய அறிஞர் குரோட்ரியன் 1939-இல் அவ்வளவுகளைக் கொண்டு, ஒளிவட்டத்தின் சிவப்பு வரி ஒன்று இரும்பிற்கு உரியதாகலாம் எனக் காட்டினார். எட்லன் 1940-களின் தொடக்கத்தில் ஆய்வை நிறைவு செய்தார். பச்சை வரியைத் தந்தது புதிய தனிமம் அன்று. பதின்மூன்று எலக்ட்ரான்களை இழந்த பழைய இரும்பே அது என்பது தெளிவாயிற்று.

இம்முடிவு வேறோர் உண்மையையும் வெளிக்கொணர்ந்தது. இரும்பு பதின்மூன்று எலக்ட்ரான்களை இழக்க வேண்டுமாயின், வெப்பநிலை பத்து இலட்சம் பாகைக்கு மேல் இருத்தல் வேண்டும். சூரியனின் மேற்பரப்போ ஏறத்தாழ 5,500 பாகை வெப்பமே உடையது. மேற்பரப்பினும் அதற்கு வெளியே உள்ள ஒளிவட்டம் பன்மடங்கு வெப்பமுடையது என்னும் வியத்தகு செய்தியை அறிஞர்க்கு உணர்த்தியது, ஆய்வுக்கூடத்தில் தொகுத்த அணுத் தரவே ஆகும்.

எக்ஸ் கதிர் வானியல்

பல இலட்சம் பாகை வெப்பமுள்ள பொருள் கண்ணுக்குப் புலப்படும் ஒளியைவிட எக்ஸ் கதிர்களையே மிகுதியாக வெளியிடும். அக்கதிர்களை நம் வளிமண்டலம் தடுத்து விடுகிறது. உயிர்கள் வாழ்வதற்கு இத்தடை நன்மையே. ஆனால் வானியலார் தம் கருவிகளை வளிமண்டலத்திற்கு அப்பால் அனுப்ப வேண்டியதாயிற்று. ஜியாக்கோனியும் அவர்தம் குழுவினரும் 1962 ஜூன் மாதத்தில் ராக்கெட் ஒன்றின் மூலம் அனுப்பிய கருவி, சூரியக் குடும்பத்திற்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை முதன்முதலில் கண்டது. இத்துறைக்கு வழிவகுத்தமைக்காக அவர் 2002-இல் நோபல் பரிசு பெற்றார்.

1999-இல் அமெரிக்காவின் சந்திரா, ஐரோப்பாவின் எக்ஸ்.எம்.எம். நியூட்டன் ஆகிய இரு விண்கலங்கள் ஏவப்பட்டன. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரையே முன்னது தாங்கியுள்ளது. நுண்ணிய கீற்றணிகளைக் கொண்ட இவ்விரு கலங்களும் விண்மீன்களின் எக்ஸ் கதிர் நிறமாலையை வரி வரியாகப் பிரித்துக் காட்டின. நல்ல ஏடு கைக்கு வந்தது. நிகண்டின் குறையும் அப்போதே மிகத் தெளிவாகப் புலப்பட்டது.

இரு வரிகளின் வழக்கு

பதினாறு எலக்ட்ரான்களை இழந்து, பத்தினை மட்டும் கொண்டுள்ள இரும்பு அயனி மிக உறுதியான அமைப்பு உடையது. சூரியனின் ஒளிவட்டத்திலும் பல விண்மீன்களிலும் அது நிறைந்துள்ளது. அதன் வரிகளுள் 1.501 நானோமீட்டர், 1.526 நானோமீட்டர் அலைநீளமுள்ள இரண்டும் சிறந்தவை. முன்னதை 3சி என்றும் பின்னதை 3டி என்றும் அறிஞர் குறிப்பர். முன்னது பின்னதைப் போல எத்தனை மடங்கு வலியது என்பதே வினா.

குவாண்டம் இயற்பியற் கணக்கீடுகள் ஏறத்தாழ மூன்றரை மடங்கு, அல்லது அதற்கும் மேல் என்றன. விண்ணிலிருந்து வந்த ஒளியோ அதனினும் குறைந்த அளவையே காட்டியது. இதற்குச் சிலர் ஒரு விளக்கம் கூறினர். வாயு அடர்ந்திருப்பின், வலிய வரியின் ஒளி வழியிலேயே விழுங்கப்பட்டுப் பிற திசைகளிற் சிதறும்; ஆகவே குறைவைக் கொண்டு அடர்த்தியை அளக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஆனால் கணக்கீடே பிழையாயின், அவ்வடர்த்தியும் பிழையாகுமன்றோ? ஏட்டுக்கும் நிகண்டுக்கும் முரண் நேரின், எழுதியவர் பிழையா, நிகண்டின் பிழையா என்று பதிப்பாசிரியர் திகைப்பதை இது ஒக்கும்.

இவ்வையத்தைத் தீர்க்க உதவியது எலக்ட்ரான் கற்றை அயனிப் பொறி என்னும் கருவி. அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் 1980-களில் உருவானது அது. எலக்ட்ரான் கற்றையால் அணுக்களின் எலக்ட்ரான்களை அகற்றி, எஞ்சிய அயனிகளை அங்கேயே சிறைப்படுத்தி, அவை தரும் ஒளியை அளப்பது அதன் பணி. 1998-இல் வெளியான லிவர்மோர் அளவீடு ஏறத்தாழ 3 என்றது. 2012-இல் வெளியான ஆய்வில், ஹைடல்பர்க் மாக்ஸ் பிளாங்க் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தினர் தம் பொறியை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்குக் கொண்டு சென்று, எக்ஸ் கதிர் லேசரை அயனிகளின் மீது செலுத்தி அளந்தனர். 2.61 என்னும் விடை கிடைத்தது. பிழை கணக்கீட்டினுடையதே என்னும் கருத்து வலுப்பெற்றது.

ஆயினும் அக்குழுவினர் அத்துடன் அமைதி கொள்ளவில்லை. ஹாம்பர்க் நகரின் பெட்ரா எனப்படும் எக்ஸ் கதிர் மூலத்தில் மீண்டும் அளந்தனர். 2020-இல் வெளியான விடை 3.09. கருவியின் நுண்மையை மேலும் உயர்த்தி, பின்னணி இரைச்சலைப் பெரிதும் குறைத்து மறுபடியும் அளந்தனர். 2022-இல் வெளியான விடை 3.51. வரியின் இரு ஓரங்களிலும் மங்கிப் பரவியிருந்த ஒளி, முந்தைய அளவீடுகளில் இரைச்சலுக்குள் மறைந்து விடுபட்டிருந்தது. அதனையும் சேர்த்தபோது கணக்கீடும் அளவீடும் ஒன்றாயின. ஏறத்தாழ நாற்பது ஆண்டு வழக்கில் கணக்கீடு வென்றது. விண்ணொளியில் எஞ்சும் வேறுபாட்டிற்கு, அயனி மோதல்களும் அண்டை வரிகளின் கலப்பும் போன்ற பிற காரணங்களை இனித் துணிவுடன் ஆராயலாம்.

இங்கு நாம் போற்றத்தக்கது ஒன்று உண்டு. புகழ்பெற்ற இதழில் வெளிவந்த தம் முடிவைத் தாமே மீண்டும் சோதித்து, தாமே திருத்தியவர்கள் இவ்வறிஞர்கள்.

நிகண்டு தொகுப்போர்

வரிகள் ஆயிரமாயிரம், அவை அனைத்தையும் ஆய்வுக்கூடத்தில் அளத்தல் இயலாது. பெரும்பாலானவற்றைக் கணிப்பொறியால் கணித்தே பெற வேண்டும். இப்பணியில் வாழ்நாளைச் செலவிட்டவருள் ஒருவர் டாக்கா பல்கலைக்கழகத்தில் பயின்ற வங்கதேச அறிஞர் சுல்தானா நஹர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொண்ட இவர், அயனிகள் ஒளியை ஏற்று எலக்ட்ரானை இழத்தலையும், எலக்ட்ரானை மீண்டும் ஏற்றலையும் ஒருங்கே கணிக்கும் முறையை அனில் பிரதானுடன் இணைந்து வகுத்தார். தம் கணக்கீடுகளை அனைவரும் பயன்படுத்துமாறு 'நோராட்' என்னும் தரவுத் தொகுதியாக வழங்கியுள்ளார். வளரும் நாடுகளில் இயற்பியல் ஆய்வையும் கல்வியையும் வளர்த்தமைக்காக அமெரிக்க இயற்பியல் கழகத்தின் வீட்லி விருதினை 2013-இல் பெற்றார்.

இத்தகையோர் உழைப்பின் இன்றியமையாமையை ஜப்பானின் ஹிட்டோமி விண்கலம் உலகிற்கு உணர்த்தியது. 2016 பிப்ரவரி 17 அன்று ஏவப்பட்ட அக்கலம், மார்ச் 26 அன்று தொடர்பை இழந்து அழிந்தது. அக்குறுகிய காலத்திற்குள் பெர்சியஸ் அண்டத் திரளின் வெப்ப வாயுவை அது ஆராய்ந்தது. ஏறத்தாழ ஐந்து கோடி பாகை வெப்பமுள்ள அவ்வாயுவில் இரும்பின் வரிகள் முன்னெப்போதும் இல்லாத தெளிவுடன் தெரிந்தன. வாயுவின் கொந்தளிப்பு நொடிக்கு 164 கிலோமீட்டர் அளவிலேயே உள்ளது என அறிஞர் கண்டனர்.

ஆனால் அவ்வாயுவில் இரும்பு எவ்வளவு உள்ளது? ஒரே நிறமாலையை இரு தரவுத் தொகுதிகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, விடைகள் 16 விழுக்காடு வேறுபட்டன. அளவீட்டின் புள்ளியியல் ஐயப்பாட்டைப் போல இது 17 மடங்கு. ஏட்டின் எழுத்து தெளிவு. இரு நிகண்டுகளும் இரு வேறு பொருள் கூறின. இரும்பு விண்மீன்கள் வெடித்து மடிகையில் வானிற் பரவுவது. ஆதலின் இரும்பின் அளவில் நேரும் பிழை, எத்தனை விண்மீன்கள் தோன்றி மறைந்தன என்னும் கணக்கையே பிழையாக்கும்.

ஹிட்டோமியின் பணியைத் தொடர, எக்ஸ்ரிசம் என்னும் விண்கலம் 2023 செப்டம்பரில் விண்ணுக்குச் சென்றது. அது காட்டும் ஒவ்வொரு வரியும் ஆய்வுக்கூடத்தார்க்கும் கணக்கீட்டார்க்கும் புதிய பணியைத் தருகிறது.

புதிய விண்மீனைக் கண்டவர் பெயரை உலகம் அறியும். ஓர் அயனியின் ஒரு வரியைச் சரியாக அளந்தவர் பெயர் பட்டியலின் ஓர் ஓரத்தில் நிற்கும். ஆயினும் பின்னவர் இன்றேல் முன்னவர் தாம் கண்டது இன்னதென உரைக்க இயலார். சொல்லுக்குப் பொருள் தேடி அகராதி தொகுத்த தமிழ்ச் சான்றோரின் அருமையை உணர்ந்த நாம், அணுவுக்கு அகராதி தொகுக்கும் இவ்வறிஞர்தம் அருமையையும் உணர்வோமாக. நம் மாணவருள் இயற்பியலிலும் கணிதத்திலும் நாட்டமுடையோர், பொறுமையையே முதலாகக் கொண்ட இப்பணியையும் தம் கனவுகளுள் ஒன்றாகக் கொள்வாராக.