கூடைக்குள் ஓர் அலுவலகம்

கூடை முடைந்து விற்கும் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எப்படி இருக்க வேண்டும்? கூடை மாதிரியே இருக்கட்டும் என்றார் ஒரு முதலாளி. அவர் டேவ் லாங்கபெர்கர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து நியூவார்க் நகரில், 1997-ஆம் ஆண்டு அப்படியே கட்டி முடித்தார்கள்.

ஏழு மாடி. அவர்கள் விற்ற சந்தைக் கூடை ஒன்றின் அச்சு அசல் வடிவம், அளவு மட்டும் பல மடங்கு பெரியது. அடியில் குறுகி, மேலே போகப் போக அகலும் சுவர்கள். பின்னல் போலவே தெரியும் வெளிப்பூச்சு. நடுவே கண்ணாடிக் கூரை போட்ட முற்றம். உச்சியில் இரண்டு கைப்பிடிகள். வேடிக்கைக்காக வைத்தவைதான், ஆனால் எடை மட்டும் சுமார் 150 டன்! குளிர்காலத்தில் அவற்றின் மேல் பனி உறைந்துவிடாமல் இருக்க, கைப்பிடிகளைச் சூடேற்றும் வசதியும் செய்திருந்தார்கள்.

நிறுவனத்தின் மற்ற கட்டடங்களையும் கூடை வடிவிலேயே கட்ட ஆசைப்பட்டார் டேவ். 1999-இல் அவர் மறைந்ததோடு அந்த ஆசையும் நின்றுபோயிற்று. பின்னர் கூடை வியாபாரம் படுத்தது. 2016-இல் ஊழியர்கள் வேறு இடத்துக்குப் போனார்கள். 2018-இல் நிறுவனமே மூடப்பட்டது.

விளம்பரம் என்றால் இதுவல்லவா விளம்பரம்! ஆனால் ஆள் மாறினாலும் உருவம் மாறாத கட்டடத்தை வாங்க யார் சட்டென்று முன்வருவார்கள்? கடைசியில், ஊழியர்கள் வெளியேறிய மறு ஆண்டு, 2017 முடிவில்தான் அதற்கு ஒரு புது உரிமையாளர் கிடைத்தார்.