தென்னை நிழலில் கச்சோலம்

தென்னந்தோப்பு வைத்திருக்கும் நமது அங்கத்தினர்களிடம், "மரங்களுக்கு இடையே என்ன பயிர்?" என்று வினவினால், "நிழலில் என்ன ஐயா விளையும்?" என்னும் மறுவினாவே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கிறது. 25 அடி இடைவெளியில் நட்ட தென்னையின் வேர்களில் பெரும்பகுதி, அடிமரத்தைச் சுற்றி 6 அடிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எஞ்சிய நிலம் களைக்கு இடமாகிறது. மழை வலுத்தால் மேல்மண்ணும் கரைந்தோடிவிடுகிறது.

குளிர் மிகுந்த ஐரோப்பிய நாடுகளில் மரநிழலை மூடுவதற்கு 'லில்லி ஆப் தி வாலி' என்னும் சிறு வெண்மலர்ச் செடியை வளர்க்கின்றனர். மணம் மிக்கது, நிலத்தடித் தண்டால் பரவுவது, ஆயினும் செடி முழுவதும் நஞ்சு. குளிர்கால ஓய்வு இன்றி அது செழிக்காதாகையால், நமது சமவெளிக்கு அது ஏற்றதன்று. அதனினும் பயனுள்ள நிழற்செடி ஒன்று நமக்கு உண்டு. அதுவே கச்சோலம்.

இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த இச்செடி உயர்ந்து வளர்வதில்லை. அகன்ற இலைகள் தரையோடு படிந்து விரிகின்றன. ஊதாப் புள்ளியுடைய வெண்மலர்கள் நடுவே பூத்து விரைவில் வாடிவிடும். விலை பெறுவது அதன் மணமுள்ள கிழங்கே. ஆயுர்வேத மருந்துகளுக்கும், நறுமண எண்ணெய் எடுப்பதற்கும் அது வேண்டப்படுகிறது. இந்தோனேசியாவில் 'கெஞ்சூர்' என்ற பெயரால் சமையலுக்கும் பயன்படுகிறது. கேரளத்தில் தென்னையின் கீழ் இதனை ஊடுபயிராக வளர்ப்பது வழக்கம். கேரள வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார் 'கஸ்தூரி', 'ரஜனி' என்னும் இரகங்களை வெளியிட்டுள்ளனர்.

பயிரிடும் முறை எளிது. கோடைமழை கிடைத்ததும், மே மாதவாக்கில், நன்கு மக்கிய தொழுவுரம் இட்டு, 1 மீட்டர் அகலமும் ஏறத்தாழ ஒரு சாண் உயரமும் உள்ள மேட்டுப்பாத்திகள் அமைக்க வேண்டும். தென்னையின் அடியைச் சுற்றி 6 அடியை விட்டுவிடுதல் அவசியம். முளையுள்ள கிழங்குத் துண்டுகளை 20 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டு, காய்ந்த இலைகளால் மூடாக்கு இட வேண்டும். முதல் 45 நாட்களுக்குள் களையெடுத்து மண் அணைத்தால், பின்னர் இலைகளே தரையை மூடிவிடும். ஏழாம் மாதத்தில் இலைகள் காய்ந்ததும் கிழங்கை அகழ்ந்து, வட்டத் துண்டுகளாக அரிந்து, வெயிலில் உலர்த்துவர்.

இரண்டு எச்சரிக்கைகள் கூறுதல் நமது கடமையாகும். முதலாவது, நீர் தேங்குதல். நாம் அறிந்த அன்பர் ஒருவர் பாத்தி அமைக்கும் கூலியை மிச்சம் பிடிக்க எண்ணிச் சமதரையிலேயே நட்டார். ஆடி மழையில் கிழங்கு முழுவதும் அழுகிற்று. மிஞ்சிய கூலியைப்போல் பன்மடங்கு விதைக்கிழங்கில் போயிற்று. களிமண் நிலத்தினர் இப்பயிரை நாடாதிருத்தலே நலம்.

இரண்டாவது, விலை. இதனை வாங்குவோர் சிலரே. ஓராண்டு விலை ஏறினால் மறு ஆண்டு பலரும் நடுகின்றனர். சரக்கு பெருகியதும் விலை சரிகிறது. தனித்து நிற்கும் விவசாயி, கடன் நெருக்கத்தால், பச்சைக் கிழங்கையே கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறார். ஈரம் போக உலர்த்திய துண்டோ, பூஞ்சணம் அணுகாமல் காத்தால், சில மாதம் பொறுத்து விற்கத் தகுந்தது. அப்பொறுமைக்கு வேண்டிய இடமும் முன்பணமும் தனியொருவரிடம் இல்லை. சங்கத்தினால் ஏற்பாடு செய்யலாகும்.

நமது நெசவாளர் அங்கத்தினர்கள் இதனை நன்கு அறிவர். சேலைக்கு ஆள் உண்டா என்று பாராமல் எவரும் பாவு ஓட்டுவதில்லை. அதுபோல, கிழங்கு நடுமுன்பே சங்கக் கூட்டத்தில் மூன்று காரியங்கள் முடிவாதல் வேண்டும்: யார் யார் எத்தனை சென்ட் நடுவர் என்பதைப் பதிவேட்டில் குறித்தல், மருந்து செய்வோரிடம் முன்னரே விலை விசாரித்தல், உலர்த்தும் களத்தையும் இருப்பு வைக்கும் இடத்தையும் பொதுவில் அமைத்தல்.

முதலாண்டில் எவரும் 5 சென்டுக்கு மேல் துணிய வேண்டாம். தனிப்பயிருக்கு ஏக்கருக்குச் சுமார் 300 கிலோ விதைக்கிழங்கு வேண்டுமாதலால், 5 சென்டுக்கு 15 கிலோ போதும். அறுவடையில் நல்ல கிழங்கை அடுத்த விதைக்கு ஒதுக்கிவிட்டால், மறு ஆண்டு அச்செலவும் இல்லை. பயிர் எடுத்தபின் தரை வெறுமையாய்க் கிடக்கும் மாதங்களில் தென்னை மட்டையும் சருகும் பரப்பி வைத்தல் நன்று.

நிழல் நமது தோப்பில் உள்ளது, மழையும் பெய்கிறது. நட்ட கிழங்கு நல்ல விலைக்குப் போவதோ, நாம் ஒன்றுகூடி விற்பதைப் பொறுத்தது. வரும் பங்குனிக்குள் இதனைச் சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.