சிறுவர்க்குச் சதுரங்கப் பயிற்சி: நேரிலோ, இணைய வழியிலோ?

2022-ஆம் ஆண்டில் மாமல்லபுரத்திற் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. 2024-ஆம் ஆண்டு டிசம்பரிற் சென்னையிற் பிறந்த குகேஷ் தமது 18-ஆம் வயதில் உலகப் பட்டம் எய்தினார். இவற்றைக் கண்ட பெற்றோர் தம் மக்களுக்கும் இவ்விளையாட்டைப் பயிற்ற விரும்புதல் இயல்பே. பயிற்சி நேரிலோ, இணைய வழியிலோ என்பதே அவர் முன் நிற்கும் வினா. அதனை ஒருவாறு ஆராய்வாம்.

இணைய வழியின் பயன் சிறிதன்று. சிற்றூர்ப் பிள்ளையும் தொலைவிலுள்ள நல்லாசிரியரை அடைதல் கூடும். போக்குவரத்துச் செலவும் பொழுதும் மிஞ்சும். ஆடிய ஆட்டம் தானே பதிவாதலின், பிழைத்த இடத்தைப் பின்னர் ஆராய்தல் எளிது. ஆயினும், மூன்று நிமிஷ ஆட்டங்களையே ஓயாது ஆடும் பிள்ளை, எண்ணாது காய் நகர்த்தும் வழக்கத்தையே கற்கும்.

நேரிற் பயில்வதன் பயன் வேறு. போட்டி விதிப்படி, நகர்த்தும் கருத்தோடு தன் காயைத் தொட்டவர், இயலுமாயின் அதனையே நகர்த்தல் வேண்டும். நெடுநேர ஆட்டங்களில் நகர்வுகளைத் தாமே குறித்துவரவும் வேண்டும். இவை பலகையின்முன் அமர்ந்தே கைவருவன. தோற்றபின் எதிரியின் கைபற்றி எழும் பண்பும் அவ்வாறே. விசுவநாதன் ஆனந்த் ஆறு வயதில் தம் அன்னையாரிடம் இவ்வாட்டத்தைக் கற்றார். பின்னர்ச் சென்னையிலிருந்த டால் சதுரங்கக் கழகத்திற் பலரோடு ஆடிப் பழகினார். 1988-இல் இந்தியாவின் முதற் கிராண்ட்மாஸ்டர் ஆயினார்.

ஆதலின், தொடக்கத்தில் நேர்ப்பயிற்சியே நன்று என்பது நம் கருத்து. காய்களின் போக்கை அறிந்து, ஒரு மணி நேரம் அமைதியாய் அமரப் பழகியபின், உயர்ந்த பாடங்களை இணைய வழியிற் பெறலாம். அருகில் ஆசிரியர் இல்லாதார் வருந்தற்க. திரையின் பக்கத்தே ஒரு பலகையை வைத்து, ஆசிரியர் சொல்லும் நகர்வுகளைப் பிள்ளை தன் கையாலேயே நகர்த்திப் பார்க்கட்டும். வீட்டிலுள்ளோர் ஒருவர் அவ்வப்போது எதிரே அமர்ந்து ஆடட்டும்.

எவ்வழியாயினும், ஆசிரியரைப் பெற்றோர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "எம் பிள்ளை தோற்ற ஆட்டத்தை அவனோடிருந்து பொறுமையாய் ஆராய்வீரோ?" ஆம் என்பாரிடமே பிள்ளையை ஒப்புவிக்க. பட்டம் பெறுவார் மிகச் சிலரே. தோல்வி கண்டு துவளாது அதன் காரணத்தை நாடும் உள்ளமோ, பயிலும் பிள்ளைகள் எல்லார்க்கும் கிட்டக்கூடிய செல்வமாம்.