குச்சிக்காட்டுத் திருடனைப் பிடிக்க வந்த குட்டிக் குளவி!

சேலம், நாமக்கல் குச்சிக்கிழங்கு விவசாயிகளின் வயிற்றில் அடித்த மாவுப்பூச்சிக்கு எமன் வந்து சேர்ந்த கதை இது!

தென்அமெரிக்காவில் பிறந்த இந்தப் பூச்சி, 2020-ல் கேரளாவில் திருச்சூர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அப்புறம் நம்ம ஊருக்கும் பரவியது. குருத்தில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். இலை சுருளும், செடி குட்டையாகும், கிழங்கு சிறுத்துப் போகும். மருந்தடித்தாலும் உடம்பில் உள்ள மெழுகு அதைக் காப்பாற்றிவிடும். கிழங்கு இல்லையென்றால் ஜவ்வரிசி ஆலைக்கு வேலை ஏது?

பெங்களூரு விஞ்ஞானிகள் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொசுவைவிடச் சிறிய 'அனகைரஸ்' குளவியை வரவழைத்தனர். 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் பறக்கவிட்டனர். மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே இது முட்டையிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, குளவியாக வெளியே வரும். மனிதரைக் கொட்டாது.

ஒரே எச்சரிக்கை: கண்டபடி மருந்தடித்தால் திருடன் தப்பிவிடுவான், போலீஸ்தான் சாகும்!