ஸ்டென்ட்டுக்குப் பின் வரும் கணக்கு

2017 பிப்ரவரிக்கு முன் மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றின் சராசரி விற்பனை விலை 1,21,400 ரூபாய். மத்திய அரசு உச்சவரம்பு போட்டதும் 29,600-க்கு இறங்கியது. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்து முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் கையில் இருந்தால், மதுரைப் பெரியாஸ்பத்திரியில் அதையும் கொடுக்க வேண்டியதில்லை. பெரிய செலவுக்கு வழி இருக்கிறது. குடும்பத்தை அரிப்பது அதற்குப் பிறகு வரும் சில்லறைக் கணக்குதான்.

உயிர்க் கணக்கும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. சிகிச்சைப் பாதையைச் சீரமைக்கும் முன் ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் 100-க்கு 5.8; ஓராண்டு முடிவில் 17.6. சீரமைத்த பின்னும் ஆஸ்பத்திரி இறப்பு 5.6, அதாவது ஏறக்குறைய அதேதான். ஓராண்டுக் கணக்கு மட்டும் 14.2-க்கு வந்தது. முன்னும் பின்னும், பாதிக்கு மேற்பட்ட சாவு டிஸ்சார்ஜ் ஆன பிறகே.

வீட்டுக்கு வந்தவரின் சீட்டில் வழக்கமாக ஐந்து மாத்திரை: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின், மெட்டோப்ரோலால், ராமிப்ரில். முதல் வருடம் 1,825 மாத்திரை. பிறகு டாக்டர் குளோபிடோக்ரலை நிறுத்தினால் வருடம் 1,460. பத்து வருடத்துக்கு 14,965. சர்க்கரை இருந்தால் அது தனி.

அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்; போய் வாங்கும் நாள் இலவசமில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துக் கூலிக்காரர் மாதம் ஒருமுறை மதுரைக்கு வந்தால், 2025-26-இன் நூறுநாள் வேலைக் கூலியான 336 ரூபாய்ப்படி வருடத்தில் 4,032 ரூபாய் போய்விடும். கூட வரும் மனைவிக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, அவருடைய கூலியும் அன்று இல்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அந்த மாத்திரைகள் கிடைக்குமா என்று முதலில் கேட்பது நல்லது.

உப்புக்கும் ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு ஆளுக்கு ஒருநாள் 5 கிராமுக்குக் கீழ். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வரவேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் ஏறும் உப்பும் இதற்குள் அடக்கம். எத்தனை வீட்டில் வருகிறது?

மறுபடி நெஞ்சு வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரை தருகிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. அதோடு 108-இல் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பலாம்.

பல் பிடுங்கவோ ஊர்த் திருவிழாவுக்கோ போகும்போது, ஸ்டென்ட் வைத்த முதல் வருடத்தில் இதய டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையக்கூடும்.