பூஜ்யம் காட்டினால் போதுமா?

கொச்சியின் வாணிகச் சிறப்புக்கு நெடுங்காலமாகத் துணை நின்று வருவது மட்டாஞ்சேரி. அதன் கடைவீதியில் மிளகும் சுக்கும் அடுக்கிய பண்டகசாலைகள் உள்ளன. தெற்கே தோப்பும்படியில் மீன்பிடித் துறைமுகம் இயங்குகிறது. கடலுக்குச் செல்லும் படகுகளுக்குப் பனிக்கட்டி இன்றியமையாதது. பனிக்கட்டி ஆலையில் கம்ப்ரசர் மோட்டார் சில மணி நேரம் நின்றாலும் உப்புநீர்த் தொட்டியின் குளிர் குறைந்து, உற்பத்தி தடைப்படுகிறது. எனவே, பழுது பார்க்க வரும் மின்பணியாளர் மீது அவசரம் சுமத்தப்படுகிறது. ஈரத் தரையும் உப்புக்காற்றும் அந்த அவசரத்தை ஆபத்தாக மாற்றுகின்றன.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளின்படி, அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறந்துள்ளனர். ஈரமான உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட் அழுத்தத்தில் 230 மில்லி ஆம்பியர் பாயும். உயிரைப் பறிக்க இதைவிட மிகக் குறைந்த மின்னோட்டமே போதும்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பதே முதல் விதி. ஆயினும் சில பழுதுகள், மின்சாரம் இருக்கும்போதுதான் வெளிப்படும். அப்போது கைகொடுப்பது மல்டிமீட்டர். வோல்ட், ஆம்பியர், ஓம் ஆகிய மூன்றையும் ஒரே கருவியில் அளக்கும் 'ஆவோமீட்டர்' 1923-ஆம் ஆண்டு பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. மூன்று அளவுகளும் ஒரு கருவியில் சேர்ந்திருப்பதே அதன் வசதி. அதன் ஆபத்தும் அதுவே. வோல்ட் அளக்கும் நிலையில் மீட்டரின் உட்தடை மிக அதிகம். ஆம்பியர் நிலையில் ஏறத்தாழ இல்லை எனலாம். முன்பு ஆம்பியர் அளந்த கம்பியை அதே துளையில் விட்டுவிட்டு வோல்ட் அளக்க முற்பட்டால், அது குறுக்கிணைப்பாகித் தீப்பொறி வெடிக்கும்.

பூஜ்யத்தின் மூன்று பொருள்கள்

கம்ப்ரசரின் கட்டுப்பாட்டுச் சுற்றில் ஃபேஸ், ஃப்யூஸ், நிறுத்தும் பொத்தான், அழுத்தக் கட்-அவுட், ஓவர்லோடு ரிலே, காண்டாக்டர் காயில், நியூட்ரல் என்ற வரிசை உள்ளதாகக் கொள்வோம். மீட்டரின் ஒரு முனையை முதலைக் கவ்வியால் நியூட்ரலில் பொருத்தி, மறுமுனையை ஃப்யூஸிலிருந்து ஒவ்வோர் இடமாக நகர்த்த வேண்டும். எந்த இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் இடையில் 230 வோல்ட் மறைகிறதோ, அங்கேயே பழுது. இம்முறையில் ஒரு கை மட்டுமே வேலை செய்வதால், மின்னோட்டம் இரு கைகளின் வழியே மார்பைக் கடக்கும் வாய்ப்பும் குறைகிறது.

ஆனால், மீட்டர் பூஜ்யம் காட்டுவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, உண்மையாகவே மின்சாரம் இல்லை. இரண்டு, அளக்கும் இரு இடங்களும் ஒரே அழுத்தத்தில் உள்ளன: மூடிய தொடுப்பின் இருபுறமும் வைத்தால் மீட்டர் பூஜ்யம் காட்டும், ஆனால் நிலத்தோடு ஒப்பிட்டால் அங்கே 230 வோல்ட் இருக்கும். மூன்று, மீட்டரின் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது தேர்வுக் குமிழ் தவறான நிலையில் உள்ளது. கையை வைப்பதற்கு உரிமை தருவது முதல் காரணம் மட்டுமே.

இதனைப் பிரித்தறியும் வழி எளியது. மின்சாரம் உள்ளதென்று தெரிந்த ஓர் இடத்தில் முதலில் மீட்டரைச் சோதிக்க வேண்டும். பின்னர் வேலை செய்யவிருக்கும் இடத்தை ஃபேஸ்களுக்கு இடையிலும், நியூட்ரலுக்கும், நிலத்துக்கும் அளக்க வேண்டும். இறுதியாக மீண்டும் முதல் இடத்தில் மீட்டரைச் சோதிக்க வேண்டும். பிரதான சுவிட்சை அணைத்த பின்பும், வேறு பெட்டியிலிருந்து வரும் கட்டுப்பாட்டு இணைப்பிலோ கெப்பாசிட்டரிலோ மின்சாரம் எஞ்சியிருக்கலாம் என்பதையும் மறத்தல் ஆகாது. ஓம் அளவையும் தொடர்ச்சிச் சோதனையையும் மின்சாரம் நீங்கிய சுற்றில் மட்டுமே செய்ய வேண்டும்.

கருவியின் விலையும் உயிரின் விலையும்

ஆலைகளின் மின்பெட்டிகளுக்குச் சர்வதேசத் தரப்படி 'கேட் 3' எனக் குறிக்கப்பட்ட மீட்டர் தேவை. 'கேட் 3, 600 வோல்ட்' கருவி, கணப்பொழுதில் தோன்றும் 6,000 வோல்ட் அதிர்வையும் தாங்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மீட்டர்கள் பலவற்றில் ஆம்பியர் துளைக்கு ஃப்யூஸே இல்லை.

இங்கே ஒரு பொருளாதார முரண்பாடும் உண்டு. ஆலை நிற்காமல் ஓடுவதன் ஆதாயம் உரிமையாளருக்கு. கருவி வாங்கும் செலவோ பெரும்பாலும் மின்பணியாளருக்கு. தம் கைப்பணத்தில் வாங்குபவர் மலிவானதையே நாடுவார். தரமான மீட்டர், காப்புக் கையுறை, ரப்பர் விரிப்பு ஆகியவற்றை ஆலையின் மூலதனச் செலவில் சேர்ப்பதே முறை. மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகள் ஏட்டளவில் நின்றுவிடாமல் இருக்க இதுவே வழி.

ஒரு நாள் உற்பத்தி இழப்பை மறுநாள் ஈடு செய்யலாம். பயிற்சி பெற்ற தொழிலாளியின் உயிரை ஈடு செய்ய எந்த நிதியாலும் இயலாது. மீட்டரை இருமுறை சோதிக்கச் செலவாகும் ஒரு நிமிடம், தொழில் வளர்ச்சிக்கு நாம் இடும் முதலீடுகளில் மிகச் சிக்கனமானது.